ஜன்னல் சரியில்லாத இன்ஜின்

நான் செய்த முதல் ரயில் இன்ஜினுக்கு இடப்பக்கம் நாலு ஜன்னல், வலப்பக்கம் அஞ்சு. முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சால்டரிங் வேலை பார்க்கிறேன். சத்தியவேட்டில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரை அட்டையை வெட்டி மாதிரி ரயில் செய்ய உட்கார்ந்துவிடுவேன்.

வருஷங்கள் போகப் போகக் கை தேறியது. பின்னால் செய்த பெட்டிகளில் கதவுக் கைப்பிடிகூடத் தனிக் கம்பியில் இருக்கும். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் எடுத்துக் காட்டுவது அந்தப் பழைய இன்ஜினைத்தான். நல்ல பெட்டிகள் அலமாரியில் தூசி வாங்கிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் பாலசமுத்திரத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். இன்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இந்தாண்ட நாலு, அந்தாண்ட அஞ்சு?" என்று சிரித்தார். கணவரும் கூடவே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத் திருத்திவிடுவது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

முதலில் சக்கரத்தை மட்டும் மாற்றலாம் என்று உலோகச் சக்கரம் வாங்கிப் போட்டேன். இன்ஜின் உயர்ந்துவிட்டது, கொக்கி பெட்டியோடு சேரவில்லை. அடிப்பாகத்தை அறுத்தேன். பக்கவாட்டுக் கோடு சாய்ந்து தெரிந்தது. பெயின்டை எடுக்கலாம் என்று தின்னர் தடவினால், சன்போர்டின் ஓரம் ஊறிய பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது.

"நல்லா இருந்தத ஏன்மே நோண்டிக்கினு கீற?" என்றார் கணவர்.

"நோண்டல. சரி பண்றேன்."

"யார் கேட்டா?"

"உங்க அண்ணன் கேட்டாரே."

"அவன் சும்மா சிரிக்கறதுக்குக் கேட்டான். அதுக்குன்னு?"

அளவு சரிபார்க்க ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய் நிஜ இன்ஜினைப் படம் எடுத்தேன். பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர், "எந்துகம்மா ஃபோட்டோலு?" என்று தெலுங்கில், எதற்குப் படம் என்று கேட்டார். பொம்மை செய்வதற்கு என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

இரண்டு பக்கமும் புதிதாக வெட்டினேன். கூரை அதில் உட்காரவில்லை, அதையும் மாற்றினேன். மேலே மின்கம்பியைத் தொடும் கையைப் பித்தளைக் கம்பியில் சால்டர் செய்தேன். முடித்துப் பார்த்தால் பழையதில் மிச்சம் பாதி அறுத்த அடித்தட்டு மட்டும்தான். இதற்குப் பேசாமல் புதிதாகவே ஒன்று செய்திருக்கலாம்.

அதைவிட எரிச்சல், பெட்டிகளை அதன் பின்னால் மாட்டியபோது வந்தது. நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டிகள் மங்கலாகத் தெரிந்தன. முதல் பெட்டியின் படிக்கட்டு கோணல். இரண்டாவதன் நீலம் வேறு நீலம். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பது கெட்டுப்போகிறது. கை தேறத் தேற அலமாரி முழுக்கத் தப்பாகிக்கொண்டே போனால் மனுஷி என்னதான் செய்வது?

"அடுத்தது அதுங்களா?" என்றார் கணவர்.

"தொட மாட்டேன்," என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தால் டிவி மேல் பழைய இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. குப்பைக் கூடையில் நான் போட்ட துண்டுகளைப் பொறுக்கி அவரே ஒட்டியிருந்தார். நான் செய்ததைவிட மோசம். கூரை ஒரு பக்கமாகத் தொங்கியது, விரல் ரேகை படிந்த பசை எல்லா இடத்திலும்.

"இன்னாங்க இது?"

"உன்னுதுதான். நான் ஒட்டனேன், அவ்ளோதான்."

அதன் பிறகு வீட்டு ஓனர் வந்தார், எதிர்வீட்டு அக்கா வந்தார். எல்லாருக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார், "இவ செஞ்சது" என்று. பசை என்னுடையதில்லை என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? விட்டுவிட்டேன். இப்போது ஒரு சரக்கு வேகன் செய்துகொண்டிருக்கிறேன். கதவு கொஞ்சம் இறங்கித்தான் வந்திருக்கிறது. அப்படியே பெயின்ட் அடித்துவிடப் போகிறேன்.