பூஜை நாளில் கழன்ற மெமரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழும். அக்கா வந்து சரிசெய்ததும் அது போய்விடும். நான் பொறாமை பிடித்த பிள்ளையாக இருந்தேன். கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரியாத இந்த வயதில் அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல, சித்தப்பா மகள். அஞ்செட்டிக்கு அப்பால் அவர்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். ஓசூரில் டிப்ளமோ படிக்க இடம் கிடைத்ததும் அப்பா அவளை எங்களோடு தங்கச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் முழு மனதில்லை. வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு யார் பதில் சொல்வது என்பாள். ஏதாவது ஒரு தப்பு நடந்தால் அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அப்பாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டு வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர், அப்பாவின் கம்பெனியில் கழித்துப்போட்ட பழசு. திடீரென்று திரை நீலமாகி உறைந்துவிடும். சில நாள் திரையே வராமல் பீப், பீப் என்று கத்தும். அதற்கு வைத்தியம் பார்க்கும் உரிமை முதலில் எனக்குத்தான் இருந்தது. பெட்டியின் விலாவில் இரண்டு தட்டு, பிறகு ப்ளக்கைப் பிடுங்கிச் செருகுவது. அக்கா தட்டவில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே நின்ற பச்சைத் தகடு ஒன்றை எடுத்தாள். மெமரி என்றாள். அதன் மஞ்சள் பற்களை என்னுடைய அழிரப்பரால் தேய்த்து மறுபடி வைத்து அழுத்த, இரு முனையிலும் கொக்கிகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. திரை வந்துவிட்டது.

அதன் பிறகு நான் பக்கத்தில் போனாலே அப்பா, "நீ தள்ளு. அது இன்னா உன் சைக்கிளா, ஒதைக்கிறதுக்கு? அவ கை வெச்சாத்தான் அது கேக்கும்" என்பார். கம்பெனி பஸ்ஸிலும் அவள் பெருமைதான் பேசுவாராம். என் மார்க்கைப் பற்றி அவர் பஸ்ஸில் பேசியதாக யாரும் சொன்னதில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி மெஷின்களுக்குச் செய்வதுபோல அப்பா காலையிலேயே கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டு, பொரி படைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. என் பாடப்புத்தகங்களும் அங்கேதான் இருந்தன என்பதால் அந்த விதியில் எனக்கு மிகுந்த பக்தி உண்டு.

மாலையில் அப்பா கம்பெனிப் பூஜைக்குப் போயிருந்தார். அம்மாவும் அக்காவும் பக்கத்து வீடுகளுக்குப் பொரி கொடுக்கப் போனார்கள். நான் மூடியைக் கழற்றினேன். அவள் செய்ததைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வேலை பாடமாகியிருந்தது. இரண்டு கொக்கிகளையும் நெம்பித் திறந்து, தகட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மூடினேன். சந்தனப் பொட்டு கலையாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க, அப்பா பொத்தானை அமுக்கினார். பீப், பீப் என்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அக்கா மூடியைத் திறந்தாள். உள்ளே சற்று நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பொரியிலிருந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தகட்டை அழுத்தினாள். திரை வந்தது.

அப்பா விடவில்லை. "முந்தாநாளு நல்லாத்தான ஓடுச்சி. யாரு தொட்டது?"

"நான்தான் பெரிப்பா" என்றாள் அக்கா. "நேத்து மத்தியானம் தொடைக்கலாம்னு தொறந்தேன். சரியா அழுத்தாம வுட்டுட்டேன்."

"பூஜைல வெச்சதப் போயி இன்னாத்துக்குடி தொட்ட?" என்றாள் அம்மா. "தின்ன வூட்டுக்கே தரித்திரத்தக் கொண்டாந்து வெக்கிறியா?"

அப்பா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எதிர்வீட்டுக்காரர்கள் பொரிப் பொட்டலத்தோடு மெல்ல நழுவினார்கள்.

அந்த வாரமே அவளை அஞ்செட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். அங்கிருந்து தினமும் வந்துபோக வழியில்லை, படிப்பு நின்றது. மத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் ஷிப்டு பார்த்தாள். விசேஷ வீடுகளில் சந்திக்கும்போது என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பாள். வேறொன்றும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தக் கொக்கிகள் தாமாகத் திறப்பவை அல்ல, யாராவது நெம்ப வேண்டும். மூடியைத் திறந்த கணத்திலேயே அது அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுப் படிக்கிற பெண், அந்த வீட்டுப் பையனை எதிர்வீட்டுக்காரர்கள் முன்னால் எப்படிக் கைகாட்டுவாள்? பன்னிரண்டு வயதில் எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அவளே ஒப்புக்கொண்டுவிட்டதால் குற்றம் நிஜமாகவே அவளுடையதாகிவிட்டது என்று நம்பினேன். அன்றைக்கு அம்மா ஆக்கியிருந்த பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.