எண்பது நிமிட ஆட்டத்தில் எழுபது நிமிடம்

2025 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி 10 நிமிடம். வெயில். 21 பாகை செல்சியஸ். மேற்கிலிருந்து மெல்லிய காற்று. மழைக்கு இடமில்லை என்று வானொலி சொன்னது. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டேன். இரண்டு வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர், கால் மூட்டுக்கு மேல் போட ஒரு கம்பளிச் சால்வை. இவ்வளவுடன் மல்வேர்னில் உள்ள என் தொடர்மாடிக் கட்டடத்தை விட்டுப் புறப்பட்டேன். போக வேண்டிய இடம் பிறம்ரன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். காரில் முக்கால் மணித்தியாலம் என்கிறார்கள். என்னிடம் கார் இல்லை.

என் மகள் சுபாவுக்கு முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஒன்பது வருடமாக ஸ்காபறோப் பெண்கள் அணியில் றக்பி லீக் விளையாடுகிறாள். இது கனடாவில் மாகாண அளவிலான சிறிய போட்டி. நாலு அணிகள்; ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றுடனும் இரண்டு முறை மோதும்; பிறகு இறுதி ஆட்டம். யூன் தொடக்கத்திலிருந்து இந்தப் பருவத்தின் ஆறு ஆட்டங்களுக்கும் போனேன். ஏழாவது இன்றைய இறுதி ஆட்டம். சுபாவின் இடது முழங்கால் இனித் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டபடியால், அவளுக்கு இதுவே கடைசி.

11.24க்கு ஷெப்பேர்ட் வீதி பஸ். டொன் மில்ஸில் சப்வே ரயில். யங் வீதியில் இறங்கி இன்னொரு பஸ். மேற்கே மறுபடி சப்வே, வோன் முனையம் வரை. அங்கிருந்து பிறம்ரன் பஸ். ஐந்து வண்டி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டியிருந்தது. பிறம்ரனுக்குள் பஸ் நுழைந்த பிறகு இருபக்கமும் பண்டகசாலைகள். கதவுகளுக்கு இலக்கம் எழுதி, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு லொறி முதுகைக் கொடுத்து நின்றது. வீடுகள் வரும் வரைக்கும் அந்தக் கதவுகளை எண்ணிக்கொண்டு போனேன். எண்ணாவிட்டால் வேறு யோசனைகள் வரும்.

1.55. மைதானம் பஸ் தரிப்பிலிருந்து முந்நூறு மீற்றர். சுபா காரின் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் இருந்து முழங்காலுக்கு ஒட்டுநாடா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வெளிக்கிட்டனீங்கள் அப்பா?"

"பதினொண்டு பத்துக்கு."

"உங்களுக்கு விசர். நான் வந்து ஏத்தியிருப்பன் தானே."

"உன்ரை யூனியன்வில் வீட்டிலை இருந்து மல்வேர்னுக்கு வந்து, பிறகு இஞ்சை ஓடி வர, பெற்றோல் ஆர் போடுறது?"

"அப்பாவின்ரை பென்ஷனிலை போடுவம்." சிரித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "இண்டைக்கு ஒருக்கா முடியும் வரைக்கும் நில்லுங்கோ."

"நாலரைக்கு…"

"தெரியும், ராகு காலம். ஆறு மணிக்குப் பிறகு நானே கொண்டுபோய் விடுறன்."

"ஆறு மணி வரைக்கும் இந்த வெளியிலை என்ன செய்யிறது? நீ குளிக்க வேணும், சாப்பிட வேணும். பாப்பம்."

எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். நாடாவைக் கடைசி வரை சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டங்கள் எல்லாம் இதே மைதானத்தில், ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்கும். பாதிக்கு நாற்பது நிமிடம், நடுவில் பத்து நிமிட ஓய்வு, பிறகு நாற்பது. முடியும்போது நாலரை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் நான் வழிக்கு இறங்குவதில்லை; அதற்கு முன்னரே புறப்பட்டு வழியில் இருந்தால் தோஷமில்லை. எட்டு வருடத்துக்கு முன்னர், யூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், என் மனைவி நெஞ்சு எரிகிறது என்றாள். ஐந்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். அவள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் யாரோடும் இது பற்றி வாதாடுவதில்லை. ஆறு ஆட்டங்களிலும் நாலு இருபதுக்கு எழும்பிப் பஸ் தரிப்புக்குப் போய்விட்டேன். முடிவை இரவு சுபா தொலைபேசியில் சொல்லுவாள். நாலு வெற்றி, இரண்டு தோல்வி. ஒன்றின் முடிவையும் நான் கண்ணால் காணவில்லை.

3.00. ஆட்டம் தொடங்கியது. நான் கண்டியில் வேலை செய்த காலத்தில் பார்த்த றக்பியில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். இதில் பதின்மூன்று. பந்தோடு ஓடுபவளை மற்றவர்கள் பிடித்து விழுத்துவார்கள். விழுந்தவள் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவாள். பின்னால் நிற்பவள் எடுத்துக் கொடுப்பாள். இப்படி ஆறு தரம்தான் விழலாம். ஆறாவதோடு பந்து மற்றப் பக்கத்துக்கு. பின்னால் நின்று குனிந்து எடுப்பது சுபாவின் வேலை. அவள் கை படாமல் பந்து எங்கும் போகாது. ஒவ்வொரு முறையும் அந்த முழங்கால் மடியும்.

நான் விழுவதை எண்ணுவேன். ஐந்து விரல் முடிய மற்றக் கையில் ஒரு விரல். பருவம் முழுவதும் என் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு இருப்பவர் மொறீன், சுபாவோடு விளையாடும் ஒரு பெண்ணின் தாய். ஒஷாவாவிலிருந்து வருபவர். இரண்டாவது ஆட்டத்திலேயே எனக்கும் ஒரு கதிரை கொண்டுவந்துவிட்டார். இப்போது அவரும் தமிழில் எண்ணுவார்.

"மூண்டு," என்றார் மொறீன்.

"நாலு," என்றேன். "நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள்."

"உங்கள் மகள் என்னைவிட வேகம். நான் என்ன செய்ய?"

பாதி நேரத்தில் பத்துக்குப் பத்து. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தினால் 'ட்ரை', நாலு புள்ளி. பிறகு அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு. ஒரு வாழைப்பழத்தை மொறீனுக்குக் கொடுத்தேன். மாற்றாக அவர் ஒரு பிஸ்கற் தந்தார்.

4.20. பிறம்ரன் பதினெட்டு, ஸ்காபறோ பதினாறு. பத்து நிமிடம் இருந்தது. சுபா நொண்டத் தொடங்கியிருந்தாள். நான் சால்வையை மடித்தேன்.

"இன்றைக்குமா?" என்றார் மொறீன். "இன்றைக்கு அவளுடைய கடைசி ஆட்டம் அல்லவா?"

"பஸ் இருக்கிறது," என்றேன். ராகு காலத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, விட்டுவிட்டார். அதை அப்போதே கேட்டிருக்கலாம்.

4.29. பஸ் தரிப்பில் நிற்கும்போது மைதானப் பக்கமிருந்து பெரிய கூச்சல் எழுந்தது. நின்று, மறுபடி எழுந்தது. எந்தப் பக்கத்தின் கூச்சல் என்று அங்கே நின்று சொல்ல முடியவில்லை. மரங்களுக்கு மேலால் கம்பங்களின் நுனி மட்டும் தெரிந்தது. இரண்டு அடி அந்தப் பக்கம் வைத்தேன். பஸ் வந்தது. ஏறினேன்.

4.45. அடுத்த சில தரிப்புகள் தாண்டி ஒரு தமிழ்ப் பெண் ஏறி என் பக்கத்தில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு பை. அதற்குள் தேசிக்காயும் நெய்ப் போத்தலும்.

"அங்கிள் எவடம்?" என்றார்.

"மல்வேர்ன். நீங்கள்?"

"இஞ்சைதான், பிறம்ரன். ஹைஸ்கூலிலை கணக்குப் படிப்பிக்கிறன். மகன் காரைக் கொண்டு போட்டான், நான் பஸ்ஸிலை அலையிறன். ராகு காலப் பூசைக்குப் போறன், துர்க்கைக்கு விளக்குப் போட."

மணிக்கூட்டைப் பார்த்தேன். "அது துவங்கிப் பதினைஞ்சு நிமிசமாச்சே பிள்ளை."

"இல்லை அங்கிள். இண்டைக்கு ஐஞ்சு ஐம்பத்தி நாலுக்குத்தான் துவங்குது."

"ஞாயிறு நாலரை."

"அது ஊர் நேரம். அங்கை சூரியன் எப்பவும் ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகும். இஞ்சை இண்டைக்கு ஏழரைக்குத்தான் இருட்டும். பகலை எட்டாப் பிரிச்சு, ஞாயிறெண்டால் கடைசித் துண்டு. கோயில் கலண்டரிலை ஒவ்வொரு நாளுக்கும் வேற வேறயாப் போட்டிருப்பினம். நீங்கள் பாக்கிறேல்லையோ?"

பார்ப்பதில்லை. அந்தக் கலண்டர் என் குசினிச் சுவரில்தான் தொங்குகிறது. விரதநாள் பார்ப்பேன். ராகு காலம் எனக்கு ஏழு வயதிலேயே பாடம். பாடமான ஒன்றை யார் திரும்பப் பார்ப்பார்கள்? இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். கோடையில் ஒன்பது மணி வெளிச்சத்தில் இராச்சாப்பாடு சாப்பிட்டவன் நான்.

கேட்டேன்: "யூன் மாசத்திலை எத்தினைக்கு வரும்?"

"யூனிலையோ? ஏழு மணி தாண்டித்தான்."

"ஐஞ்சு மணிக்கு?"

"ஐஞ்சு மணிக்கு ஒண்டும் இல்லை அங்கிள். நல்ல நேரம்தான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, தண்ணி வேணுமோ?"

என்னிடம் தண்ணீர் இருந்தது. அதைக் குடித்தேன்.

5.08. வோன் முனையம். அந்தப் பெண் கோயில் பக்கம் போகும் பஸ்ஸுக்குப் போனார். சுபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறம்ரன் பஸ்ஸுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று பலகை காட்டியது. வெளியே நின்ற டாக்ஸியின் கதவைத் திறந்தேன். கனடாவில் என் சொந்தக் காசில் ஏறிய முதல் டாக்ஸி. சாரதி பஞ்சாபிக்காரர், இளவயது.

"விமான நிலையமா அங்கிள்?"

"இல்லை. பிறம்ரனில் ஒரு விளையாட்டு மைதானம்."

"என்ன ஆட்டம்?"

"றக்பி. மகள் விளையாடுகிறாள்."

"எத்தனை மணிக்குத் தொடக்கம்?"

"முடிந்துவிட்டது," என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு வேகமாக ஓட்டினார்.

5.41. மைதானத்தில் ஒருவரும் இல்லை. கோட்டோரத்தில் மொறீனின் கதிரைக் கால்கள் அழுத்திய இடமும், பக்கத்தில் என்னுடையதும், புல்லில் தெரிந்தன. வாகனத் தரிப்பிடத்தில் ஒரே ஒரு கார். சுபா பின்கதவு விளிம்பில் இருந்து முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தாள். மேலே பனியனும் தொளதொளத்த ஒரு கம்பளிச் சட்டையும்.

"என்னப்பா, டாக்ஸியிலை? எதை விட்டிட்டுப் போனனீங்கள்? குடையோ?"

"குடை இருக்கு. என்ன நடந்தது?"

"வெண்டிட்டம். இருபத்திரண்டு, பதினெட்டு. கடைசி நிமிசம், ஐஞ்சு தரம் விழுந்தாச்சு. குடுக்க ஒருத்தரும் பக்கத்திலை இல்லை. நானே எடுத்துக்கொண்டு ஓடிக் கோட்டுக்கு அங்காலை விழுந்தன்."

"நீயோ?"

"நான்தான். ஒன்பது வருசத்திலை என்ரை ரெண்டாவது ட்ரை."

நான் கேட்ட கூச்சல் அதுதான்.

"உன்ரை ஜேர்சி எங்கை?"

அவள் ஐஸ் பையை மறுபக்கம் திருப்பி வைத்தாள். "எங்கடை கிளப்பிலை ஒரு வழக்கம் அப்பா. விட்டிட்டுப் போறவை கடைசி மட்ச் முடிய, நடுக்கோட்டிலை நிண்டு ஜேர்சியைக் கழட்டிப் பாக்க வந்த வீட்டாளிட்டைக் குடுக்கிறது. எல்லாரும் சுத்தி நிப்பினம். குடுக்காமல் வரேலாது."

"ஆரிட்டைக் குடுத்தனீ?"

"மொறீனிட்டை. உங்கடை கதிரைக்குப் பக்கத்திலை இருந்தவ தானே. அவ அழுதிட்டா, பாவம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிண்டிருப்பியள். நாலரை தாண்டி வெளிக்கிட்டுப் பிறகு ஒரு கிழமை நித்திரை கொள்ளமாட்டியள்." மணிக்கூட்டைப் பார்த்தாள். "இப்ப ஐஞ்சே முக்கால். ஆறு மட்டும் இதிலை இருப்பம். பிறகு கொண்டுபோய் விடுறன்."

பிழையான ஆறு மணிக்காக அவள் காத்திருக்கத் தயாராக இருந்தாள். பஸ்ஸில் கேட்டதைச் சொல்ல வாய் எடுத்தேன். அவளுக்கும் அம்மாதான் நினைவுக்கு வருவாள் என்று விட்டுவிட்டேன். ஐஸ் கரையும் வரை அவள் பக்கத்தில் இருந்தேன். உதைத்துக் கிழிந்த புல், கழற்றி வைத்த கொடிகள், வெற்றுக் கம்பங்கள். ஏழு முறை வந்தும் இந்த இடத்தை ஆட்கள் போன பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

5.56. இந்த ஊர்ச் சூரியனின்படி ராகு காலம் தொடங்கி இரண்டு நிமிடம். "எழும்பு பிள்ளை, வெளிக்கிடுவம்," என்றேன்.

"இன்னும் நாலு நிமிசம் கிடக்கு."

"பரவாயில்லை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் ஏறினோம். பிறகு கேட்டாள்:

"டாக்ஸிக்கு எவ்வளவு எடுத்தவன்?"

வழக்கமாக அவள் கேட்கும் முன் நான் சொல்லியிருப்பேன். மீற்றரில் அறுபத்திரண்டு டொலர் பதினைந்து சதம். வேகமாக ஓட்டியதற்கு மூன்று டொலர். எல்லாமாக அறுபத்தைந்து டொலர் பதினைந்து சதம் என்றேன்.