இஞ்சை

1985இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சின்ன ரக்பி லீக் கழகத்துக்கு ஆடிய ஒரே தமிழன் கிறிஸ்துராஜா. கொழும்புப் பள்ளிக்கூடத்தில் ரக்பி பழகியவன், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தபடி ஆடினான். கோப்பையின் இறுதியாட்டம், கடைசி நிமிடங்கள். எல்லைக்கோட்டருகே தனியாக நின்றான். பந்து கைக்கு வந்தால் வெற்றி. அந்த அவசரத்தில் இங்கிலீஷ் வாயில் வரவில்லை. கையை உயர்த்தி, "இஞ்சை, இஞ்சை" என்று யாழ்ப்பாணத்து 'இங்கே'யைக் கத்தினான்.

அவன் அணியின் கோச் பிராட்லியின் காதில் அது 'இஞ்சர்ட்' என்று விழுந்தது. காயமாம். அவனை வெளியே இழுத்து வேறொருவனை இறக்கினார். அவன் மன்றாடியும் கேட்கவில்லை. அணி தோற்றது. அந்த ஆள் தன் காதைக் குறை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அடிக்குப் பயந்து காயமென்று நடித்தவன்" என்று கழகம் கழகமாகச் சொல்லிவைத்தார். அதன்பிறகு அவனை யாரும் ஆட எடுக்கவில்லை.

தெய்வம் நின்று கொல்லுமாம். நிற்கட்டும், கிறிஸ்துராஜாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோச்சிங் படித்தான். அப்டன் பார்க்கில் யாரும் சீண்டாத ஓர் அணியைப் பிடித்தான். அந்த வெள்ளை, கறுப்புப் பெடியன்கள் அவனிடம் முதலில் படித்தது ஒரு தமிழ்ச் சொல். பந்து வேண்டுமென்றால் 'இஞ்சை' என்றுதான் கத்தவேண்டும்.

மனைவி டொலறஸுக்கு விளங்கிவிட்டது. "பூசையிலை மன்னிப்பைப் பற்றி வாய்கிழியப் பாடுறியள். வீட்டை வந்து கறுவுறியள்."

"மன்னிப்பன். அந்தாளை வெண்டாப் பிறகு."

1993இல் அதே கோப்பை, அதே இறுதியாட்டம். பிராட்லியின் அணி இரண்டு புள்ளி முன்னால் நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கிறிஸ்துராஜாவின் பெடியன் ஒருவன், முதல்தடவையாக பிராட்லியின் காதுக்கெட்டும் தூரத்தில், கோட்டருகே கையைத் தூக்கி, "இஞ்சை" என்றான். பிராட்லி துள்ளியெழுந்து, "நில்லுங்கள், ஆளுக்குக் காயம்" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் தயங்கினார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. பந்தைப் பிடித்தவன் நடந்துபோய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தான். நாலு புள்ளி, கோப்பை கைக்கு வந்தது. கிறிஸ்துராஜாவின் வயிறு குளிர்ந்தது.

பிராட்லி மூச்சிரைக்க வந்தார். "உன் ஆளுக்குக் காயம் இல்லையா?"

"இல்லை. அந்தச் சொல்லுக்கு 'இங்கே' என்று அர்த்தம். எட்டு வருஷத்துக்கு முன் நான் கத்தியதும் அதுதான்."

பிராட்லி கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அட, இவ்வளவுதானா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் டொலறஸ் கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். "இப்ப மன்னிச்சாச்சோ?"

"மன்னிக்கத்தான் இருந்தனான். அந்தாள் சிரிச்சிட்டுது. வாற வருஷமும் வெல்லோணும்."