தலைப்பில்லாத ஒரு தாள்

தனபாலன் இறந்த செய்தியை அவர் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். "ஆன்ட்டி, அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு. கம்போங் ராஜா வீட்டுலேர்ந்து இன்னிக்கே எடுக்கிறோம். முடியாத ஒடம்போட நீங்க வந்து நிக்காதீங்க லா."

முடியாமல்தான் போய் நின்றேன். இந்த வயதில் துக்க வீடுகளுக்குப் போய் வருவதே ஒரு வேலையாகிவிட்டது. எல்லாரும் அவருடைய பொறுமையைச் சொன்னார்கள். அந்தப் பொறுமை ஒருமுறை யாருக்காகச் செலவானது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் அதை இந்தக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதற்கு நிரல் எழுத வந்தவர் தனபாலன். நான் அங்கே கிராணி, அதாவது எழுத்தர்; தொழிலாளர் பதிவேடுகள் என் பொறுப்பு. அச்சுத்தாள் ஒரே நீளமாக மடிப்பு மடிப்பாக வரும்; பக்கம் பக்கமாகக் கிழிக்க வேண்டும். ஒரு பக்கம் நிரம்பியதும் அடுத்த பக்கத்தின் மேல் தலைப்பு மறுபடியும் விழும்படி அவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னதையே சொல்வது அழகல்ல என்று கான்வென்ட்டில் படித்தவள் நான்.

"ஒரு தடவை போட்டா போதும். எடுத்துடுங்க."

"அக்கா, தாளுக்கு ஞாபகம் இல்ல லா. கிழிச்சிட்டா, யாரு வீட்டுப் பிள்ளைன்னு அதுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்."

எடுத்துவிட்டார்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் சிலவற்றை இடிக்க முடிவானது. வீட்டில் தொடர்வோர், காலி செய்வோர் என்று இரண்டு பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி வந்தன. முதல் பட்டியல் பக்கத்தில் அடங்காமல் ஐந்து பெயர்கள் அடுத்த தாளுக்கு வழிந்தன. அதன் மேல் தலைப்பு இல்லை. தாள்களைக் கிழித்து அடுக்கியவள் நான். அந்த ஐந்து பேரும் காலி செய்வோரின் கடைசித் தாளாகப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது கங்காணி அதை அப்படியே வாசித்துவிட்டார்.

அந்த ஐவரில் ஒருத்தியான முனியம்மா சட்டி பானை மூட்டையோடு அலுவலக வாசலுக்கு வந்தாள். "கிராணியம்மா, நான் என்னா தப்பு பண்ணேன்? கொழுந்து எடுத்தே வெரலு கறுத்துப் போச்சு. படுக்கையில கெடக்குற மனுசன எங்க தூக்கிட்டுப் போவேன்?"

யார் செய்த வேலை என்று தோட்ட மேலாளரான துரை கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை போனால் எனக்கும் வீடு போய்விடும். அது தனபாலனுக்குத் தெரியும்.

"புரோகிராம்ல என் தப்புதான், துரை" என்றார்.

அன்று மாலையே முனியம்மா மூட்டையை அவிழ்த்தாள். மறுமாதம் தனபாலனைத் தேயிலைக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் அங்கே பெட்டி எண்ணினார். போவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பும் அதனருகே 'தொடர்ச்சி' என்ற சொல்லும் விழும்படி நிரலைத் திருத்திவிட்டுத்தான் போனார்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். "உங்கள திட்டினா நீங்க திருப்பித் திட்டுவீங்க. துரை பாவம் லா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றி சொல்ல என் கர்வம் விடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எதை எழுதினாலும், அடுத்த தாளுக்குப் போனால், யாரைப் பற்றியது என்று மேலே மறுபடியும் எழுதுவேன். இதுவும் ஒரு தாளில் அடங்கவில்லை. இந்த இரண்டாம் தாளின் மேலே எழுதியிருக்கிறேன்: தனபாலன், தொடர்ச்சி.