எழுதியவளுக்கும் அனுமதியில்லை

கணவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மகள் ரம்யா அதைக் கவனித்தாள். அவரைப் பற்றி ஒரு கட்டுரையைக் கையால் எழுதி, இணையத்தில் மட்டும் வரும் தமிழ் மாத இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அதற்கு நான் சந்தாதாரரும்கூட.

கட்டுரை வெளியான அன்று, டெல்லி கிட்வாய் நகர் வீட்டில் ரம்யா என் போனை வாங்கிக்கொண்டாள். இங்கேயே பிறந்தவள், தமிழ் பேச வரும், படிக்க வராது.

"காப்பி பண்ணி வேற ஆப்ல போட்டா, அதுவே படிச்சுக் காட்டும்மா."

நகலெடுக்க அனுமதியில்லை என்று வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். வெறும் கறுப்பாக விழுந்தது.

"அரே, எழுதினது நீ, காசு கட்டினதும் நீ. உன்னையே திருடன் மாதிரி பாக்கறாங்க!"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. "விடுடி" என்றேன்.

"அப்போ நீயே படி."

அவளிடம் சொல்ல முடியாததைத்தான் எழுதியிருந்தேன். வேறு வழியில்லாமல், ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரே குரலில் படித்தேன். வாசலில் கிடக்கும் அவருடைய செருப்பை யாரும் எடுத்துவிடவில்லையே என்று தினமும் கதவைத் திறந்து பார்க்கிறேன் என்ற இடத்தில் ரம்யா என் கையைப் பிடித்தாள்.

"செருப்பை நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்மா. நாளைக்குக் குப்பை எடுக்க வர்ற பையாகிட்ட குடுக்கறதா இருந்தேன்."

எழுந்து போய்ச் செருப்பை உள்ளே எடுத்து வைத்தாள்.

இதழுக்குப் புகார் எழுதச் சொல்லி இன்னும் நச்சரிக்கிறாள். நான் எழுதவில்லை. அன்று போன் படித்துக் காட்டியிருந்தால், நான் எழுந்து சமையலறைக்குப் போயிருப்பேன்.