அரை மில்லிமீட்டர் வெண்கலம்

தங்கச் சுரங்கங்கள் மூடிப்போன சாம்பியன் ரீப்ஸில் காலை ரயில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறவர்களில் ஜூடித்தும் ஒருத்தி. நரசாபுரம் தொழிற்சாலையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவள். காண்ட்ராக்ட் முடிந்ததும், அவள் ஊர்ப்பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரரான ரூபேஷ் ஒயிட்ஃபீல்டில் நடத்தும் பட்டறைக்கு வந்துவிட்டாள். ஏழு வருஷமாகிறது.

இங்கே அடிப்பது பெயிண்ட் இல்லை. வெண்கலப் பொடியைப் பிசினில் குழைத்து, பலகையில் செய்த மேஜைகள் மேல் ஸ்ப்ரே செய்வார்கள். காய்ந்தால் சேறு பூசியதுபோல்தான் இருக்கும். உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினால் உலோகம் வெளியே வரும்; தொட்டால் சில்லென்றிருக்கும். கை கொஞ்சம் அழுந்தினாலும் பூச்சு தேய்ந்து பலகை பல்லிளித்துவிடும். ஜூடித்தின் கையில் அப்படி நடந்ததில்லை. தன் வேலைகளை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று தேஜஸ்வினி என்ற இன்டீரியர் டிசைனர் ரூபேஷிடம் சொல்லியே வைத்திருந்தாள்.

போன மே மாதம் தேஜஸ்வினியின் பன்னிரண்டு அடி சாப்பாட்டு மேஜை ஒன்று சதாசிவநகர் வீட்டுக்குப் போனது. இறக்கும்போது விளிம்பில் ஒரு கீறல். அதைச் சரிசெய்ய ஜூடித் போனாள். வீட்டுக்காரர் சுந்தரராஜ் ஓய்வுபெற்ற டாக்டர். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் இதை மொட்டை மாடிக்கு ஏத்தப்போறோம்மா. கெட்டி வெண்கலம்னு மேடம் சொன்னாங்க. மழை ஒண்ணும் பண்ணாதில்ல? நாலே பேர் தூக்கிட்டு வந்துட்டாங்களே, அதான் கேக்கறேன்."

ஜூடித்தின் கை நின்றது. தேஜஸ்வினி அடுத்த அறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"கெட்டி இல்லீங்க சார். மேல அரை மில்லிமீட்டருதான் வெண்கலம். உள்ள கீறது பலகை. தண்ணி எறங்குனா ஊதிப்புடும். வீட்டுக்குள்ளவே வெச்சிக்கோங்க."

அவர் விரலை மடக்கி மேஜையைத் தட்டிப் பார்த்தார். தேஜஸ்வினி வந்ததும் கேட்டார். முகம் சிவந்துபோன அவள், வெண்கல ஃபினிஷ் என்றுதான் சொன்னதாகச் சமாளித்தாள். மேஜை கூடத்திலேயே நின்றது. அந்த வீட்டின் மற்ற வேலைகள் எல்லாம் வேறு டிசைனருக்குப் போயின.

மறுநாள் ரூபேஷ் பிடித்துக்கொண்டார். "இன்னா ஜூடித், மேடத்தையே கேளுங்கன்னு சொல்ட்டு வர்றதுதானே? உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

"மழைல ஊதிப்போனா மேடம் இன்னா சொல்லும்ண்ணா? அடிச்சவ சரியா அடிக்கலன்னும். அப்ப நீங்க யாரக் கேப்பீங்க?"



ஐந்து மாதம் தேஜஸ்வினியிடமிருந்து ஒரு வேலையும் வரவில்லை. ஜூடித் கதவுக் கைப்பிடிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் அடித்துக்கொண்டிருந்தாள். "வேலைய உட்டு நிறுத்தினா வேற பாத்துக்கலாம், உடு" என்றார் கணவர் பர்னபாஸ். அவளுக்கு அவ்வளவு லேசாக இல்லை. பட்டறையில் போன் அடித்தால் ரூபேஷின் முகத்தைப் பார்ப்பாள்.

அக்டோபரில் தேஜஸ்வினியின் டெம்போ வந்தது. ஹோட்டல் வரவேற்பு மேஜை ஒன்று. வேறெங்கோ அடித்து, மூன்று இடத்தில் பலகை தெரியத் தேய்த்திருந்தார்கள்.

"ஜூடித்தே பண்ணட்டும்" என்று ரூபேஷிடம் சொன்னாள் தேஜஸ்வினி. "ஆனா சைட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

ஜூடித் முகமூடியை மாட்டிக்கொண்டு பழைய பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதற்கே இரண்டு நாள் பிடித்தது. சைட்டுக்கு இப்போது வேறு ஆள் போகிறார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஊருக்குத் திரும்பும் சாயங்கால ரயில் இப்போதெல்லாம் தவறுவதில்லை.