மாஸ்டர் காலை எடுக்கட்டும்

நீங்கள் கார் ஓட்டப் பழகியபோது கிளட்சை மிதித்தது யார்? நீங்கள்தானா? நிச்சயமாகத் தெரியுமா? ஆணாக இருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பெண்ணாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு பள்ளிக்கூட வேன் ஆயாவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மகள் பெரிய வகுப்புக்குப் போன வருஷம் அந்தத் தனியார் பள்ளியின் வேனில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே பெயர் போய் ஆயா ஆகிவிட்டார். மூன்று வயதுப் பிள்ளையும் ஆயா என்கிறது, அதைப் பெற்றவரும் ஆயா என்கிறார், தலைமையாசிரியையும் ஆயா என்கிறார். அதே வேனில் ஸ்டியரிங் பிடிப்பவர் மட்டும் ‘டிரைவர் சார்’. படியேற முடியாத பிள்ளையைத் தூக்கி ஏற்றுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, தூங்கி விழுகிற தலையை மடியில் சாய்த்துக்கொள்வது, எந்தப் பிள்ளையாவது இறங்காமல் சீட்டுக்கடியில் கிடக்கிறதா என்று கடைசியில் குனிந்து பார்ப்பது, எல்லாம் ஆயா. வழி சொல்வதும் ஆயாதான். எந்தத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்த முனையில் லாரி நின்று சரக்கு இறக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, டிரைவர் சார் வளைப்பார்.

டிரைவர் சாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த வருஷத்தோடு நின்றுகொள்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு காலி வேனில் திரும்பும்போது ஆயா கேட்டார்.

“ஏண்ணே, இத நான் ஓட்டினா என்ன?”

“எத?”

“இந்த வேனத்தான். வேற எத, ஏரோப்ளேனையா?”

டிரைவர் சார் சிரிக்கவில்லை. “லைசென்ஸ் வேணுமேம்மா” என்றார்.

“எடுத்தா?”

“எடுத்தா ஓட்டலாம். வண்டிக்கு என்ன தெரியும், யார் ஓட்டினாலும் ஓடும்.”

தலைமையாசிரியையிடம் போனார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “ஸ்கூல் திறக்கறதுக்குள்ள லைசென்ஸோட வாங்க, யோசிக்கலாம்” என்றார். யோசிக்கலாம் என்றதை ஆயா சரி என்று எடுத்துக்கொண்டார்.

கணவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற கடை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் தடுக்கவில்லை. “போயேன், யார் வேணாம்னது” என்றார். பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “நான்தான் டிரைவிங்குக்கு அனுப்பறேன்” என்று சொல்லத் தொடங்கினார். நாற்பத்தெட்டு வயது மனுஷியை இன்னொருவர் அனுப்புவதற்கு அவர் என்ன தபாலா? ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் கணவரைத்தான் பாராட்டினார்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒரே காரில் மூன்று பேர் போவார்கள். ஒருவர் ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆயாவோடு ஒரு மருந்துக்கடைக்காரரும் ஒரு இளம் நர்ஸும் இருந்தார்கள். சொல்லித்தரும் மாஸ்டர் முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஆபத்து என்றால் மிதிப்பதற்காக வைத்தது.

ஆயா கையில் வண்டி இன்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை. “கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கு” என்று கணவரிடம் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, “மேட்டுலகூட நிறுத்தி எடுத்துட்டேன்டி” என்றார்.

“சூப்பர்ம்மா. அப்பாவ மட்டும் பக்கத்துல உக்கார வெக்காத. வாயாலயே ஓட்டுவார்” என்றாள் மகள்.

மருந்துக்கடைக்காரர் ஓட்டும்போதுதான் வண்டி குலுங்கிக் குலுங்கி அணையும். பின்னால் ஆயாவும் நர்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாம் இருவரும் கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டார்கள். தப்பே அங்கேதான். சிரித்த இருவரும் ஓட்டவே இல்லை. வண்டியை அணையவிட்டு அணையவிட்டுப் படித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

லைசென்ஸ் பரீட்சை நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் மாஸ்டரை இறங்கச் சொன்னார். தான் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டார். “மேட்டுல நிறுத்தி எடுங்க” என்றார். ஆயா நிறுத்தினார், எடுத்தார். வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது. மறுபடி எடுத்தார். பின்னால் உருண்டது. இன்ஸ்பெக்டர் கை பிரேக்கை இழுத்தார்.

“சார், தினம் இப்படித்தான் எடுப்பேன்.”

“தினம் நீங்க எடுக்கலம்மா. குனிஞ்சு பாருங்க.” தன் காலடியைக் காட்டினார். மாஸ்டர் பக்கத்துக் கிளட்சின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஆயா பக்கத்து ரப்பரில் கோடுகள் இன்னும் தெரிந்தன. “எது உழைச்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

ஆயாவுக்குக் கிளட்ச் பஞ்சாக இருந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் மிதிக்கும்போது கூடவே இன்னொரு கால் மிதித்திருக்கிறது. அவர் விடும்போது அந்தக் கால்தான் பதமாக விட்டிருக்கிறது.

“நேரம் சரியில்லம்மா, விடுங்க” என்றார் வெளியே நின்றிருந்த மாஸ்டர்.

நேரத்துக்குக் கால் கிடையாது. மாஸ்டருக்கு உண்டு. ஆயா விடவில்லை.

“மருந்துக்கடைக்காரருக்கும் இப்படித்தான் மிதிச்சீங்களா?”

“அவருக்கு எதுக்கு? மூணாவது கிளாஸ்லயே காலை எடுங்கன்னுட்டார். கேட்டார், எடுத்தேன். நீங்க கேக்கல.”

“உங்க கால் அங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே. எப்படிக் கேக்கறது?”

“லேடீஸ்னா பயந்துடுவாங்கம்மா. வண்டி அணைஞ்சு பின்னாடி நாலு பேர் ஹாரன் அடிச்சா அழுதுடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“அழுதா அழுதுக்கிட்டே ஓட்டறேன். நாளைலேர்ந்து காலை எடுங்க.”

‘உங்கள் நல்லதுக்கு’ என்பதைவிடத் தந்திரமான பூட்டை நான் பார்த்ததில்லை. அடித்தால் எதிர்க்கலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். கூடவே சேர்ந்து மிதிக்கிற காலை என்ன செய்வது? பெண் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். சோதனை வருகிற அன்று தனியாகத் தோற்பாள். தோற்றதும் எல்லோரும், பார்த்தாயா, பெண்ணுக்கு வராது என்பார்கள்.

வீட்டில் அதுதான் நடந்தது. “போதும் விடு. இந்த வயசுல முயற்சி பண்ணினியே, அதுவே பெருசு” என்றார் கணவர்.

“பெருசா சின்னதான்னு நான் சொல்றேன்” என்றார் ஆயா. 

மறுநாள் மாஸ்டர் காலை எடுத்தார். ஆனால் பழக்கதோஷம், வளைவு வந்தால் கால் தானாகக் கிளட்சுக்குப் போய்விடும். “மேல தூக்கி வெச்சுக்குங்க மாஸ்டர்” என்றார் ஆயா. அந்த மனிதர் சீட்டில் சம்மணம் போட்டு, கை பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவர்போல உட்கார்ந்தார். நாற்சந்தியில் வண்டி அணைந்தது. ஆயா மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

“ஏம்மா, வீட்ல அடுப்பு காத்துக்கிட்டு இருக்குமே?”

“உங்க வீட்லயும் இருக்கும்ல. போய்ப் பத்த வைங்க” என்றார் ஆயா.

பின்னாலிருந்து நர்ஸ் சொன்னாள். “அக்கா, எனக்கும் மாஸ்டர இப்படியே உக்கார வெச்சுடுங்க.”

மாஸ்டரும் சிரித்துவிட்டார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரிகிற வரை ஆயா வண்டியை அணையவிட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்த பிறகு அது மறக்கவில்லை. இரண்டாவது பரீட்சையில் மேட்டில் நிறுத்தி, எடுத்து, ஏறிப் போனார். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆயா அதையே பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை மிச்சம்.

தலைமையாசிரியை லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரொம்ப சந்தோஷம் ஆயா. ஆனா பேரன்ட்ஸ ஒரு வார்த்தை கேக்கணும்ல?”

“போன டிரைவர் சேரும்போது கேட்டீங்களா மேடம்?”

“அது வேற.”

 கூட்டம் கூட்டினார்கள். பிள்ளைகளுக்கான குட்டி பெஞ்சுகளில் முழங்கால் முகவாயைத் தொட அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அப்பா எழுந்தார்.

“ஆயா எங்க வீட்டு ஆள் மாதிரி. கண்ண மூடிக்கிட்டுப் புள்ளைய ஒப்படைப்போம். ஆனா ஓட்டறதுன்னு வந்துட்டா... முதல் தடவை ஃபெயிலாமே? கண்ணாடிக் கடையில சொன்னாங்க.”

பின்வரிசையில் டிரைவர் சார் கையைத் தூக்கினார். “நான் நாலு தடவை ஃபெயிலுங்க. ஒரு தடவை இன்ஸ்பெக்டரோட சைக்கிள் மேலயே ஏத்திட்டேன்.”

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. கேள்வி கேட்ட அப்பாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ஆயா எழுந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளியில் அவர் எழுந்து நின்று பேசுவது அதுதான் முதல் முறை.

“அவர் நாலு தடவை தோத்தது உங்களுக்குத் தமாஷ். நான் ஒரு தடவை தோத்தது மட்டும் குத்தமா? எதனாலன்னு யாராவது சொல்லுங்க. கேட்டுக்கறேன்.”

 வேண்டாம் என்றும் ஒருவர் சொல்லவில்லை, வேண்டும் என்றும் ஒருவர் சொல்லவில்லை. இருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காய்ச்சல் பிள்ளையைக்கூட ஆயாவை நம்பி ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். அவர்கள் பையைத் துழாவினார்கள், போனைப் பார்த்தார்கள். எனக்கு அந்த அப்பாமீது வந்த கோபத்தைவிட இந்த மௌனத்தின்மீது வந்த கோபம் அதிகம். “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று தலைமையாசிரியை முடித்துவைத்தார்.

இப்போது வேனுக்குத் தற்காலிகமாக ஓர் ஆள் வந்திருக்கிறார். அவருக்குத் தெரு தெரியாது. ஆயா பழைய இடத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார். பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டுமென்றால் சாவியை ஆயாவிடம் கொடுக்கிறார்கள். காலி வேன் என்றால் அவர் ஓட்டலாமாம்.

ஆனால் அவர் பழைய ஆளாக இல்லை. காலையில் ஒவ்வொரு வாசலிலும் பிள்ளையைக் கை நீட்டி வாங்கும்போதே கேட்கிறார். “அடுத்த கூட்டத்துக்கு வருவீங்கல்ல? எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க.” வெட்கப்படுவதில்லை, குரலைத் தாழ்த்துவதுமில்லை. “பாக்கலாம் ஆயா” என்கிறார்கள். “அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு வேனில் போகும். உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் வரும், அங்கே இப்படி ஒரு பெண் நிற்பார். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். அந்த இடத்திலேயே எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “இவங்களே ஓட்டட்டும்” என்று சொல்லுங்கள்.